ஓணம் சீசனுக்காக டீசல் பிக்கப் வாங்கலாமா?

களக்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துத் தார்களையும் விலைக்கு எடுத்து, களக்காடு, ஏர்வாடி, நாங்குநேரி கமிஷன் கடைகளுக்கு அனுப்புகிறேன். இதுவரை வாடகை வண்டிதான். இப்போது சொந்தமாக ஒரு பிக்கப் வாங்க நினைக்கிறேன். ஓணத்துக்கு முன்னால் புளியரை மலைப்பாதை வழியாகக் கேரளத்துப் புனலூருக்குச் சில நடை போக வேண்டியிருக்கும். மலை ஏறணும்னா டீசல்தான் என்கிறார்கள். புது டீசல் வண்டி தொல்லை பிடித்தது என்கிறார் ஒரு மெக்கானிக். யார் பேச்சைக் கேட்க, அண்ணாச்சி?"

இரண்டு தரப்பு சொல்வதும் சரிதான். டீசல்தான் என்பவர்கள் புளியரை ஏற்றத்தை நினைத்துச் சொல்கிறார்கள், மெக்கானிக் உங்கள் அன்றாட ஓட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். நான் மெக்கானிக் பக்கம்.

முதலில் இழுவையைப் பார்ப்போம். டீசல் எஞ்சின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. காற்றைக் கூடுதலாகத் திணிக்கும் டர்போவும் இருப்பதால் எஞ்சினை அலறவிடாமலேயே பலம் கிடைக்கும். டாட்டா இன்ட்ரா வி30 டீசலில் 1,496 சி.சி. எஞ்சின். நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே 140 நியூட்டன் மீட்டர் இழுவை தந்துவிடும். பெட்ரோல் குட்டியானையில் 694 சி.சி., 55 நியூட்டன் மீட்டர். ஒன்று 1,300 கிலோ சுமக்கும், மற்றது 750 கிலோ, அதனால் இரண்டும் ஒரே தரத்து வண்டியல்ல. ஆனாலும் புளியரை எஸ் வளைவில் முன்னே போகிற லாரி நின்றுவிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். முழு லோடோடு ஏற்றத்தில் மறுபடி கிளப்பும்போது சின்னப் பெட்ரோல் வண்டியில் கிளட்ச் கருகுகிற வாடை வரும். டீசல் பைய நகர்ந்துவிடும்.

சரி, உங்கள் அன்றாட லோடு எவ்வளவு? தார் ஒன்று பத்துப் பன்னிரண்டு கிலோ என்றால் அறுபது தார் 720 கிலோவைத் தாண்டாது. களக்காட்டிலிருந்து நாங்குநேரி வரை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்த வேலைக்கு 140 நியூட்டன் மீட்டர் எதற்கு?

மெக்கானிக் சொன்ன தொல்லை, சைலன்சர் பாதையில் இருக்கும் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு டீசல் வண்டிகளில் இது வந்துவிட்டது. முன்பு கரும்புகையாக வெளியே போன கரி இப்போது இதற்குள் தங்கிவிடுகிறது. நிறைந்தால் அதை உள்ளேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு அறுநூறு டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு அந்தச் சூட்டை உண்டாக்கும். அது முடியும்வரை வண்டி கால் மணி நேரமாவது நிற்காமல், ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். நான்குவழிச் சாலையில் வள்ளியூர் போய்வருகிற வண்டிக்கு இது ஒரு விஷயமே இல்லை.

உங்கள் ஓட்டம் அப்படியில்லை. தோட்டத்தில் அரை மணி நேரம் லோடு ஏற்ற நிற்கும், கமிஷன் கடை வாசலில் நிற்கும், நடுவில் நான்கு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் ஓட்டம். எரிப்பு தொடங்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். இப்படியே பல தடவை போனால் மீட்டரில் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசியில் ஒர்க்‌ஷாப்பில் லேப்டாப்பை மாட்டித்தான் கரியை எரிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. எரிப்புக்கென்று விட்ட டீசல் முழுதும் எரியாமல் சிலிண்டர் ஓரமாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். இப்படிப்பட்ட வண்டியில் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருக்கும். விரலில் தொட்டால் தண்ணியாக ஓடும், மோந்தால் டீசல் வாடை. 'ஆயில் குறையவே இல்லை, நல்ல வண்டி' என்று சந்தோஷப்படுகிற ஓனர்களும் இருக்கிறார்கள்! அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் டர்போவும் தேயும். போதாக்குறைக்குச் சில மாடல்களில் புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசலும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாருதி சூப்பர் கேரி 2016இல் 793 சி.சி. டீசல் எஞ்சினோடுதான் வந்தது, பி.எஸ்.6 வந்ததும் டீசலைக் கைவிட்டது.

இனிக் காசுக் கணக்கு. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்றும், லோடோடு பெட்ரோல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 15 தரும் என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 20 காசு டீசலில் மிச்சம். வண்டி விலையில் டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், அதைத் திரும்ப எடுக்க 68,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளைக்கு 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகும். தினமும் 100 கிலோமீட்டர் ஓடுகிறவர் இரண்டேகால் வருஷத்தில் எடுத்துவிடுவார். ஷோரூமில் சொல்கிற மைலேஜைப் போடாதீர்கள். இப்போது உங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிற டிரைவரிடம் கேட்டு, அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் மைலேஜ் இன்னும் கொஞ்சம் அடிபடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சி.என்.ஜி. வண்டிகளும் உண்டு, ஓட்டச் செலவும் குறைவுதான். தினமும் போகிற வழியில் பங்க் இருந்தால் யோசிக்கலாம். சிலிண்டர் எடை லோடில் கழியும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கும் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை: 750 கிலோ தரத்தில் பெட்ரோல் வண்டி எடுங்கள். ஓணம் நடைக்கு மட்டும் ஒரு பொலேரோ பிக்கப்பை வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். சில நடைக்காக வருஷம் முழுக்க டிபிஎஃப் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பெட்ரோல் வண்டிக்குப் பக்கப் பலகையை உயர்த்திக் கட்டி நூறு தார் ஏற்றுகிற வேலை மட்டும் ஆகாது. வாரா வாரம் கேரளா போவது என்றோ, தினம் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு மற்றவர்கள் லோடையும் ஏற்றுவது என்றோ தொழில் மாறினால் அப்புறம் பேச்சே இல்லை, டீசல்தான். அந்த ஓட்டத்தில் டிபிஎஃப்பும் ஒழுங்காக இருக்கும்.

அடுத்து, 2020க்கு முந்தைய பி.எஸ்.4 டீசல் ஒன்றைப் பழசாக எடுக்கலாமா என்று கேட்பீர்கள். எடுக்கலாம், அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் டிபிஎஃப் கிடையாது. பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, ஏற்கெனவே சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள், குளிரில் கிளம்ப மறுக்கிற வண்டியை முன்கூட்டியே கிளப்பி வைத்திருப்பார்கள். ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குபுகுபுவெனப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.