இடது கைக்கு ஒரு மெட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் வீட்டிலேயே பியானோ சொல்லித்தருகிறேன். பதினெட்டு மாணவர்கள். தேர்வுக்கான மூன்று உருப்படிகளையே வருடம் முழுக்க வாசித்துச் சலித்துப்போகிறார்கள் என்பதால் நானே எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். இதுவரை 31 ஆகிவிட்டன. சும்மா குழந்தைகளுக்காக எழுதியவைதான். ஒரே உருப்படியைத் தொடக்க மாணவருக்கு எளிதாகவும் ஐந்தாம் கிரேடு மாணவருக்குக் கடினமாகவும் இரண்டு விதமாக எழுதலாமா? நம் ராகங்களில் எழுதலாமா? எந்த மென்பொருள் நல்லது? 'பயிற்சி 14' ஐ இணைத்திருக்கிறேன். அதை வாசிக்கும் பையனுக்கு இடது கை தூங்கிவிடுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

மென்பொருள் எதுவானாலும் சரி, பென்சிலும் போதும். ராகத்தில் தாராளமாக எழுதுங்கள், சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பியானோக் கட்டை வளைந்து கொடுக்காது. உங்கள் முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

'சும்மா குழந்தைகளுக்காக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் 'சும்மா'வைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சரளி வரிசை, அலங்காரம் எல்லாம் முடித்து மலகரி ராகத்தில் முதல் கீதத்துக்கு வரும் குழந்தையைக் கேட்டிருப்பீர்கள். புரந்தரதாசர் அந்தப் பாடங்களைச் சும்மாவா அமைத்தார்? ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1848 இல் மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று எழுதத் தொடங்கிய சில துணுக்குகள் 43 ஆகப் பெருகின. முதல் 18 சிறியவர்களுக்கு, மற்றவை சற்று வளர்ந்தவர்களுக்கு. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிச் சேர்த்தவை 153. ஆறு புத்தகங்களில் முதல் இரண்டும் மகன் பீட்டருக்கு. இவர்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லாமல் இல்லை.

'பயிற்சி 14' ஐ வாசித்துப் பார்த்தேன். வலது கை நன்றாகப் பாடுகிறது. இடது கை? பதினாறு பாரிலும், அதாவது பதினாறு தாளக் கட்டங்களிலும், தொ-மி-சோ, தொ-மி-சோ என்று அதே மூன்று சுரங்கள். மாவாட்டுவதுபோல ஒரே சுற்று. பையன் தூங்காமல் என்ன செய்வான்! உங்கள் 31 இல் எத்தனை உருப்படிகளில் இடது கைக்கு மெட்டு இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். பார்டோக்கின் முதல் ஆறிலும் இரண்டு கைகளும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கின்றன. முதல் நாளிலிருந்தே இடது கையும் பாடுகிறது. ஷூமனின் தொகுப்பில் பத்தாவது, வயலிலிருந்து வீடு திரும்பும் உழவனின் பாட்டு. அதில் மெட்டு தொடங்குவதே இடது கையில். வலது கை இடையிடையே ஒத்து ஊதுகிறது, அவ்வளவுதான்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு முதலில் பியானோ சொல்லித்தந்தவர் அடிமட்டத்தால் விரல் முட்டியில் அடிப்பார். அவரை விட்டுவிடுவோம். அவருக்குப் பிறகு திருச்சி பொன்மலையில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாளிடம் போனேன். 'மிஸ்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பதினொரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு போய் நின்றேன், லீவு கிடைக்கும் என்ற சந்தோஷத்தில். மிஸ் கட்டைத் தட்டிப் பார்த்தார். கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்தார். இடது கைக்கு மட்டும் நாலு பார் எழுதினார். தலைப்பு: சரக்கு வண்டி.

ரயில்வே பணிமனை ஊர் அது, ஷண்டிங் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கும். சுண்டு விரலில் மெதுவாகக் கிளம்பி, பெருவிரல் வரை ஏறி, தயங்கி, பின்னால் வரும் மெட்டு. மோதிர விரல் எனக்கு எழும்பாது. அது அவருக்குத் தெரியும். அதனால் பெட்டிகள் மோதிக்கொள்ளும் இடத்தில் மட்டும் அந்த விரலுக்கு ஒரு சுரம் வைத்து, அதற்கு முன் ஒரு மௌனமும் விட்டிருந்தார், விரல் மூச்சு வாங்கிக்கொள்ள. வாரத்துக்கு நாலு பாராக ஆறு வாரம் வளர்ந்தது வண்டி. கட்டுப் பிரித்ததும் வலது கைக்கு இரண்டே இரண்டு சுரங்கள் கொடுத்தார். அது விசில்.

அடுத்த வருடம் அதே சரக்கு வண்டியை என்னைவிட மூத்த பெண் ஒருத்திக்குக் கொடுத்தார். வலது கையில் தனியாக ஒரு மெட்டு, நடுவில் தாளம் மாறும் ஓர் இணைப்புப் பகுதி எல்லாம் சேர்த்து. இடது கையில் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. என் வண்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டாரே என்று ஒரு வாரம் மிஸ்ஸோடு பேசவில்லை. ஒரே உருப்படியை இரண்டு விதமாக எழுதலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோபமாக எழுதிவிட்டேனோ? நீங்கள் நல்ல ஆசிரியர். இல்லாவிட்டால் பதினெட்டுப் பேருக்காக ராத்திரியில் உட்கார்ந்து 31 எழுதியிருக்கமாட்டீர்கள். அந்தப் பையனுக்கு இந்த வாரம் எட்டு பார் எழுதுங்கள், மெட்டு முழுக்க இடது கையில். அவனுக்கு எந்த விரல் எழும்பவில்லை என்று பார்த்துக்கொண்டு எழுதுங்கள். அதற்குப் 'பயிற்சி 32' என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள், அவனையே வைக்கச் சொல்லுங்கள். என்ன பெயர் வைத்தான் என்று எனக்கு எழுதுங்கள்.