6 மைக்ரோமீட்டர் ஒளி வேண்டும்: குவாண்டம் கேஸ்கேட் லேசர் வாங்குவதா, இருப்பதை மாற்றுவதா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் டைட்டானியம்-சஃபையர் லேசர் இருக்கிறது. 800 நானோமீட்டர், 35 ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது வினாடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு), 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு 2 மில்லிஜூல். புரதங்களின் அமைடு-1 அதிர்வை (புரதச் சங்கிலியில் உள்ள கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு நீண்டு சுருங்குவதை) 6 மைக்ரோமீட்டர் பக்கம் பார்க்க வேண்டும். இந்த அகச்சிவப்பு ஒளியை நேராகவே தரும் குறைகடத்தி லேசரான குவாண்டம் கேஸ்கேட் லேசர் வாங்கிவிடுங்கள், தலைவலி இல்லை என்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம்?

பதில்: எவ்வளவு வேகமான மாற்றத்தைப் பார்க்கப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, விடையே அதில்தான் இருக்கிறது. புரதம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி என்றால் இரண்டுமே வேண்டாம், மூலையில் தூசி படிந்து கிடக்கும் எஃப்டிஐஆர் (சாதாரண அகச்சிவப்பு நிறமாலைமானி) போதும். வெப்பநிலையைச் சட்டென்று ஏற்றி, மைக்ரோ வினாடிகளில் புரதம் குலைவதைப் பார்ப்பதற்குக் கேஸ்கேட் லேசர் நன்றாக இருக்கும். ஆனால் அதிலிருந்து ஃபெம்டோ வினாடித் துடிப்பு எடுப்பது லேசில்லை. மேல் ஆற்றல்மட்டத்தில் எலக்ட்ரான் ஒரு பிகோ வினாடி (1000 ஃபெம்டோ வினாடி) அளவுக்குத்தான் தங்கும் என்பதால், ஆற்றலைச் சேர்த்துவைத்து ஒரே துடிப்பாகக் கொட்ட அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அமைடு-1 அதிர்வும் 1 பிகோ வினாடிவாக்கில் தளர்ந்துவிடும். அந்தத் தளர்வையோ, 1998இல் பென்சில்வேனியாவில் ஹாம், லிம், ஹோக்ஸ்ட்ராஸர் மூவரும் செய்த இருபரிமாண அகச்சிவப்பு அளவீட்டைப் போன்ற ஒன்றையோ நினைத்திருந்தால், கையில் இருக்கும் லேசர்தான் சரி. அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அலையெண்ணில், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கில் போட்டால், எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்தான். 800 நானோமீட்டர் என்றால் 12,500. ஓபிஏ என்கிற ஒளிப் பெருக்கியில் பிபிஓ (பேரியம் போரேட்) படிகம் இதை இரண்டாகப் பிரிக்கும், 7083 ஒன்று, 5417 ஒன்று (1.41, 1.85 மைக்ரோமீட்டர்). இந்த இரண்டையும் சில்வர் காலியம் சல்ஃபைடு படிகத்தில் மோதவிட்டால் வித்தியாசமான 1666 வெளியே வரும், அதுதான் உங்கள் 6 மைக்ரோமீட்டர். எதற்கு இரண்டு படி, நேராக 800ஐயே இரண்டாவது படிகத்தில் விட்டால் என்ன என்று எல்லோரும் ஒருமுறையாவது கேட்பார்கள். அந்தப் படிகத்தின் பட்டை இடைவெளி, அதாவது அது ஒளியை விழுங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட், 800இன் இரண்டு ஃபோட்டான் சேர்ந்தால் 3.1, ஆக படிகமே ஒளியைத் தின்றுவிடும். பிபிஓவோ 3 மைக்ரோமீட்டருக்கு மேல் ஒளியை விடாது.

ஆற்றலில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஃபோட்டான்கூட வீணாகாமல் மாறினாலும் 6 மைக்ரோமீட்டர் ஃபோட்டானுக்கு 800 ஃபோட்டானின் ஆற்றலில் 13 சதவீதம்தான் உண்டு, நடைமுறையில் அதிலும் பெரும்பகுதி போய்விடும். 1 மில்லிஜூல் அனுப்பினால் சில மைக்ரோஜூல் வரும், அதுவே தாராளம். கிடைக்கும் துடிப்பும் 100 ஃபெம்டோ வினாடி பக்கம் இருக்கும். 35 போயிற்றே என்று வருத்தப்பட வேண்டாம், 6 மைக்ரோமீட்டரில் ஒரு அலைச் சுழற்சிக்கே 20 ஃபெம்டோ வினாடி ஆகிறது. 100 ஃபெம்டோ வினாடியில் சுமார் 150 அலையெண் அகலம் வந்துவிடும், 1600 முதல் 1700 வரை உள்ள உங்கள் பட்டைக்கு அது போதும். படிகத்தைத் தடிமனாக வாங்கி ஆற்றலைக் கூட்டலாமே என்று தோன்றும், அகலம் சுருங்கிவிடும். 1 மில்லிமீட்டரில் தொடங்குங்கள்.

உண்மையில் உங்களை அழவைக்கப்போவது தண்ணீர். நீர் மூலக்கூறு வளையும் அதிர்வு 1645இல், அமைடு-1 மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் கனநீரில் கரைத்து, 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இரண்டு கால்சியம் ஃபுளோரைடு வில்லைகளுக்கு நடுவே வைப்பதுதான் வழக்கம். சாதாரண நீரிலேயே பார்த்தாக வேண்டும் என்றால் இடைவெளியை 6 மைக்ரோமீட்டர் அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். அப்புறம் காற்றில் இருக்கும் ஈரப்பதம். அதன் மெல்லிய கோடுகள் இதே இடத்தில் நிறமாலையைச் சீப்புப் பல் மாதிரி கடித்துவைக்கும். கதிர் போகும் பாதை முழுவதையும் பெட்டிபோட்டு மூடி, உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ ஓடவிடுங்கள். முதல் நாளே செய்யுங்கள், கண்ணாடிகளை எல்லாம் நேராக்கிய பிறகு பெட்டி கட்டுவது நரகம்.

கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பிடிக்க, ஜெர்மானியத் தகடு ஒன்றை வைத்து அதன்மேல் சிவப்பு ஹீலியம்-நியான் கதிரைத் தெறிக்கவிட்டு இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் 6 மைக்ரோமீட்டரை விடாது, தங்கப்பூச்சு ஆடிகள்தான்.

1030 நானோமீட்டர், 100 கிலோஹெர்ட்ஸ் இட்டர்பியம் லேசருக்கு மாறச் சொல்லியும் யாராவது வருவார்கள். துடிப்பு 100 மடங்கு கூடினால் இரைச்சல் 10 மடங்கு குறையும், உண்மைதான். ஆனால் இரண்டு துடிப்புக்கு நடுவே 10 மைக்ரோ வினாடிதான் கிடைக்கும், மாதிரி சூடேறும், மாதிரிக் கரைசலை ஓடவிட வேண்டிவரும். இருக்கும் லேசரைத் தூக்கிப்போட இது காரணமாகாது.

படிகங்களுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வேலை: 800இன் துடிப்புக்குத் துடிப்பு ஏற்ற இறக்கத்தை ஒருநாள் முழுக்க அளந்து பாருங்கள். இரண்டு நேர்கோடற்ற படிகளைத் தாண்டும்போது அந்த ஆட்டம் பெருகிக்கொண்டேதான் போகும். 1 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் லேசரைச் சரிசெய்யுங்கள், படிகம் அடுத்த மாதம் வந்தால் போதும்.