கம்பைலரை மெஷினில் போடாதீர்கள்: லினக்ஸ் பில்ட் மெஷின் அமைப்பது பற்றி ஒரு பதில்

கேள்வி: சி பிளஸ் பிளஸ்ஸும் க்யூட்டியும் (திரை இடைமுகம் கட்ட உதவும் லைப்ரரி) வைத்து டெஸ்க்டாப் மென்பொருள் எழுதி விற்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. சோர்ஸ் எல்லாம் கிட்லேப்பில். இதுவரை உபுண்டு 24.04 போட்ட ஒரே மெஷினில் ஷெல் எக்ஸிக்யூட்டர் (கட்டளைகளை மெஷினிலேயே நேராக ஓட்டும் முறை) வைத்து பில்ட் ஓட்டினோம். இரண்டு தொல்லை. ரெட் ஹேட் 8 வைத்திருக்கும் வாடிக்கையாளர் மென்பொருளைத் திறந்தால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.38 இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. இரவில் ஓடும் பில்ட் சில நாள் பாதியில் செத்துப்போகிறது, அதே கமிட் பகலில் ஒழுங்காக ஓடுகிறது. இப்போது 16 திரெட், 32 ஜிபி ராம் உள்ள மெஷின்கள் மூன்று கிடைத்திருக்கின்றன. எந்த லினக்ஸ் போடுவது, எப்படி அமைப்பது?

பதில்: எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. டெபியன் 12 போடுங்கள், இல்லை உங்களுக்குப் பழகிய உபுண்டு 24.04 சர்வரையே போடுங்கள். அதற்கு மேல் டாக்கர் (நிரலை அதற்கான சூழலோடு கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி), கிட்லேப் ரன்னர் (கிட்லேப்பிடம் வேலை வாங்கி ஓட்டும் நிரல்), எஸ்எஸ்எச், அவ்வளவுதான். கம்பைலர், சிமேக், க்யூட்டி எதுவும் அந்த மெஷினில் இருக்கக் கூடாது. உள்ளே போய் ஜிசிசி என்று தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வர வேண்டும். பில்டுக்குத் தேவையான எல்லாம் ஒரு டாக்கர்ஃபைலில் எழுதப்பட்டு, அந்த ஃபைல் உங்கள் சோர்ஸோடு கிட்டில் இருக்க வேண்டும். உங்கள் முதல் தொல்லையின் மருந்து இதிலேயே இருக்கிறது, இரண்டாவதற்குப் பாதி மருந்து.

முதல் தொல்லை ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள். ஜிலிப்சி பின்னோக்கிப் பொருந்தும். பழைய மெஷினில் கட்டியது புதியதில் ஓடும். தலைகீழாக நடக்காது. ஏனென்றால் அதிலுள்ள ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பதிப்பு முத்திரை உண்டு, லிங்கர் உங்கள் பைனரியில் அந்த மெஷினில் கிடைக்கும் புதிய முத்திரையைத்தான் பதித்து அனுப்பும். ரெட் ஹேட் 8இல் இருப்பது 2018இல் வந்த 2.28. உபுண்டு 24.04இல் இருப்பது 2.39. இடையில் 2021இல் வந்த 2.34, நிரலைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கே புது முத்திரை போட்டது, அதனால் அதற்குப் பிந்தைய எந்த மெஷினில் வெறும் ‘ஹலோ வேர்ல்ட்’ கட்டினாலும் அது 2.34 கேட்கும். 2023இல் வந்த 2.38 இன்னும் ஒரு படி மேலே. சி23 தரத்துக்காக எண்களைப் படிக்கும் எஸ்டிஆர்டிஓஎல் வகை ஃபங்ஷன்களுக்குப் புது வடிவம் கொடுத்தார்கள், ஜி பிளஸ் பிளஸ் தானாகவே அந்தப் புது வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் கோடில் யாரும் புதிதாக எதையும் பயன்படுத்தவில்லை, ஒரு சரத்தை எண்ணாக மாற்றியிருக்கிறீர்கள், அதற்கே இந்தத் தண்டனை.

ஆக, உங்கள் வாடிக்கையாளர்களில் யாரிடம் இருப்பது மிகப் பழையதோ அதில் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் அல்மாலினக்ஸ் 8 கன்டெய்னர். ரெட் ஹேட் 8க்கு இணையானது, அதே 2.28, பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 வரை வரும். பழைய கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். அதில் வரும் ஜிசிசி 8 பழசுதான், ஆனால் ஜிசிசி டூல்செட் 13 என்று தனிப் பேக்கேஜ் உண்டு. அதன் அழகு என்னவென்றால், சி பிளஸ் பிளஸ் லைப்ரரியில் புதிதாகச் சேர்ந்த பகுதிகளை மட்டும் உங்கள் பைனரிக்குள்ளேயே சேர்த்துவிட்டு மற்றதை வாடிக்கையாளர் மெஷினில் இருக்கும் பழைய லைப்ரரியிடம் விட்டுவிடும். சி பிளஸ் பிளஸ் 20 எழுதலாம், ரெட் ஹேட் 8இல் ஓடும். பைத்தான் உலகில் மெனிலினக்ஸ் 2.28 என்ற இமேஜ் கேள்விப்பட்டிருந்தால், அதுவும் இதே அல்மாலினக்ஸ் 8 மீது கட்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கோடை மட்டும் இதில் கட்டிவிட்டு, க்யூட்டி லைப்ரரிகளை உபுண்டு பேக்கேஜிலிருந்து எடுத்துக் கூடவே வைத்தால் பிரச்சினை அப்படியே திரும்பி வரும், ஏனென்றால் அந்த லைப்ரரியும் தன் பங்குக்குப் புது ஜிலிப்சி கேட்கும். வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு சோ ஃபைலும் (பகிர்வு லைப்ரரி) இந்தக் கன்டெய்னரில் கட்டியதாகவோ, ரெட் ஹேட் 8க்கென்றே கட்டப்பட்டதாகவோ இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) விஷயத்திலும் கவனம்: ரெட் ஹேட் 8இல் இருப்பது 1.1.1, உபுண்டு 24.04இல் 3. இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு செய்ய முடியாது, அதனால் பைப்லைனிலேயே ஒரு சோதனை வையுங்கள்: பேக்கேஜ் தயாரானதும் ஒவ்வொரு பைனரியையும் ஆப்ஜ்டம்ப் கருவியால் பிரித்து, அது கேட்கும் ஜிலிப்சி முத்திரைகளில் மிக உயர்ந்ததைப் பார்த்து, 2.28ஐத் தாண்டினால் பில்டையே தோற்கடிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பத்து வரிகூட வராது. வாடிக்கையாளர் போன் செய்து சொல்வதற்குப் பதிலாக இது சொல்லட்டும்.

எல்லாவற்றையும் ஸ்டேட்டிக்காக, அதாவது பைனரிக்குள்ளேயே சேர்த்து, லிங்க் செய்துவிடலாமே, ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கமாண்ட் லைன் கருவிக்குச் சரி. ஓப்பன்ஜிஎல் டிரைவரை ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு அது வேலைக்கு ஆகாது.

கன்டெய்னருக்குத் தனிக் கர்னல் கிடையாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். உள்ளே அல்மாலினக்ஸ் 8 என்றாலும் கர்னல் வெளியே இருக்கும் மெஷினுடையது. சாதாரணமாக அது பொருட்டே இல்லை. பில்ட் ஸ்கிரிப்ட் எங்காவது கர்னல் பதிப்பைப் பார்த்து முடிவெடுத்தால் மட்டும் குழப்பம் வரும்.

சரி, இரவில் சாகும் பில்ட். பகலில் ஓடுகிறது, இரவில் ஓடவில்லை என்றால் கோடைச் சந்தேகப்படாதீர்கள், ராமைச் சந்தேகப்படுங்கள். செத்துப்போன ஜாபின் லாகில் வெளியேறும் எண் 137 என்று இருக்கிறதா, அல்லது சிசி1பிளஸ் (ஜி பிளஸ் பிளஸ்ஸின் உள்ளே ஓடும் கம்பைலர்) கொல்லப்பட்டது என்ற வரி இருக்கிறதா பாருங்கள். 137 என்பது 128 கூட்டல் 9, அதாவது சிக்னல் 9 வந்து அடித்திருக்கிறது. அதே நேரத்துக் கர்னல் லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருந்தால் முடிந்தது கதை, கர்னலே கொன்றிருக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். நின்ஜா என்ற பில்ட் கருவியைத் தானாக விட்டால் திரெட் எண்ணிக்கையோடு இரண்டு சேர்த்து ஓட்டும். 16 திரெட் என்றால் 18 கம்பைலர். க்யூட்டியும் டெம்ப்ளேட்டும் நிறைந்த ஒரு ஃபைலைக் கட்டும்போது ஒரு கம்பைலர் 1 முதல் 2 ஜிபி வரை சாப்பிடுவது சகஜம். ஒரே ஒரு பில்ட் ஓடினாலே 32 ஜிபி விளிம்புக்கு வந்துவிடுகிறது. கிட்லேப் ரன்னர் தானாக ஒரு நேரத்தில் ஒரு ஜாப்தான் எடுக்கும். அமைப்பில் ‘கன்கரன்ட்’ என்ற எண் 1 என்றுதான் வரும். உங்கள் மெஷினில் யாரோ வேகம் வேண்டும் என்று அதை 4 ஆக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பகலில் ஒவ்வொன்றாக வருவதால் தெரியாது. இரவு அட்டவணையில் டீபக், ரிலீஸ், சானிடைசர் பில்ட் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும், பல டஜன் கம்பைலர்கள் ஒரே ராமுக்கு அடித்துக்கொள்ளும்.

மூன்று மெஷினிலும் கன்கரன்ட் 2 போதும். ஒவ்வொரு ஜாபின் கன்டெய்னருக்கும் ராம் வரம்பு 14 ஜிபி, சிபியு வரம்பு 8 என்று ரன்னர் அமைப்பிலேயே எழுதிவிடுங்கள். அப்போது ஒரு ஜாப் பேராசைப்பட்டாலும் அதுதான் சாகும், பக்கத்தில் ஓடுவது தப்பிக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சிபியு வரம்பு 8 என்று சொன்னாலும் கன்டெய்னருக்குள் திரெட் எண்ணிக்கையைச் சொல்லும் என்பிராக் கட்டளை பெரும்பாலான பதிப்புகளில் 16 என்றே சொல்லும், ஏனென்றால் அது நேர ஒதுக்கீட்டைப் பார்ப்பதில்லை. அதை நம்பி ஓடும் பில்ட் மறுபடியும் ராமை மீறும். எத்தனை கம்பைலர் என்பதை நீங்களே எண் போட்டுச் சொல்லுங்கள், 7 அல்லது 8. லிங்க் செய்வதைத் தனியாகக் கவனியுங்கள், டீபக் தகவலோடு பெரிய பைனரியை லிங்க் செய்யும்போது ஒரு லிங்கரே பல ஜிபி எடுக்கும். சிமேக்கில் லிங்க் வேலைக்கென்று ஜாப் பூல் வைத்து ஒரே நேரத்தில் 2 என்று கட்டிவிடலாம். எல்எல்டி அல்லது மோல்ட் லிங்கருக்கு மாறினால் நேரமும் மிச்சம்.

ராம் போதவில்லை என்று 64 ஜிபி ஸ்வாப் போடும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சாக வேண்டிய பில்ட் சாகாமல் இழுத்துக்கொண்டே கிடந்து, கிட்லேப்பின் ஒரு மணி நேரக் கெடு முடிந்து வேறு பெயரில் தோற்கும். அப்புறம் காரணம் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

கர்னல் லாகில் அந்த வரி இல்லையென்றால் அடுத்த சந்தேகம் தானியங்கி அப்டேட். உபுண்டு சர்வரில் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படும். காலை 6 மணி தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் தொடங்கும். மெஷினின் நேரம் யூடிசியில் இருந்தால் அது இந்திய நேரப்படி காலை 11.30க்கு மேல் என்பதை மறக்காதீர்கள், இரவு பில்டோடு ஒத்துவருகிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்டேட் முடிந்ததும் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி, பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவைகளை மறுதொடக்கம் செய்யும். 24.04இல் அதைக் கேட்காமலே செய்யும். ஷெல் எக்ஸிக்யூட்டரில் உங்கள் பில்ட் ரன்னர் சேவையின் குழந்தையாக ஓடுவதால், சேவை மறுதொடக்கம் ஆனால் பில்டும் போச்சு. கிட்ஹப் ரன்னர்களுக்கும் இதே பிரச்சினை வந்து, நீட்ரீஸ்டார்ட்டின் விதிவிலக்குப் பட்டியலில் ரன்னரைச் சேர்க்கச் சொல்லி அவர்கள் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். டாக்கருக்கு மாறிய பிறகு டாக்கர் பேக்கேஜையும் இந்தத் தானியங்கியிலிருந்து விலக்குங்கள், இல்லாவிட்டால் டாக்கர் டீமன் மறுதொடக்கம் ஆகி எல்லாக் கன்டெய்னரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்டேட்டே வேண்டாம் என்று அணைத்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, ரன்னருக்கு சிக்குவிட் சிக்னல் அனுப்பினால் கையில் இருக்கும் ஜாபை முடித்துவிட்டு நிற்கும், அப்போது அப்டேட் செய்து மெஷினை ரீபூட் செய்யுங்கள்.

டிஸ்க் நிரம்பும், நிச்சயம் நிரம்பும். டாக்கரின் கிடங்கு ரூட் பார்ட்டிஷனில் இருக்க வேண்டாம், தனி எஸ்எஸ்டியில் வையுங்கள், அப்போது அது நிரம்பினாலும் மெஷினுக்குள் நுழையவாவது முடியும். கிட்லேப் ரன்னரோடு டாக்கர் கேஷைத் துடைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று வருகிறது, அதைத் தினமும் ஓட்டுங்கள். இடம் இருக்கிறது ஆனால் எழுத முடியவில்லை என்று வந்தால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்திருக்கும்.

வேகத்துக்கு சி-கேஷ் (ஏற்கெனவே கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் கருவி) போடுங்கள். அதன் தானியங்கி அளவு 5 ஜிபி, உங்களுக்குப் பத்தாது, 30 ஆக்குங்கள். கிட்லேப்பின் சொந்த கேஷ் வசதியில் அதை வைத்தால் ஒவ்வொரு ஜாபுக்கும் ஜிப் போட்டு ஜிப் பிரித்தே நேரம் போய்விடும்; மெஷினின் ஒரு ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்வதுதான் சுலபம். இன்னொன்று, பதிப்பு எண்ணை கிட் டேக் பார்த்து எடுக்கிறீர்கள் என்றால், கிட்லேப் தானாக மேலோட்டமான குளோன்தான் எடுக்கும், கடைசி 20 கமிட் மட்டும். டேக் அதற்கு முன்னால் இருந்தால் பதிப்பு எண் கந்தலாகும். டெப்த்தை 0 ஆக்கினால் முழு வரலாறும் வரும்.

டாக்கர் இமேஜை ‘லேட்டஸ்ட்’ என்ற டேக்கில் இழுக்காதீர்கள், டைஜஸ்ட் எண்ணோடு (அந்த இமேஜுக்கே உரிய மாறாத அடையாளம்) குறிப்பிடுங்கள். இமேஜைக் கட்டி உங்கள் கிட்லேப் ரெஜிஸ்ட்ரியிலேயே வைத்துக்கொண்டால் டாக்கர் ஹப்பின் பதிவிறக்க வரம்பிலும் மாட்ட மாட்டீர்கள், ஆபீஸ் முழுக்க ஒரே ஐபி முகவரி என்றால் அது சீக்கிரம் தீரும்.

பாதுகாப்பில் இரண்டே விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பேன். ரன்னர் அமைப்பில் பிரிவிலெஜ்ட் (கன்டெய்னருக்கு மெஷின் மீது அதிகாரம் தருவது) என்பதை இயக்காதீர்கள், டாக்கர் சாக்கெட்டையும் ஜாபுக்குள் கொடுக்காதீர்கள். சாக்கெட் கையில் கிடைத்த எவரும் அந்த மெஷினின் ரூட்தான், பைப்லைன் ஃபைலைத் திருத்தும் உரிமை உள்ள பயிற்சி மாணவர் உட்பட. ஃபயர்வாலில் ஓட்டை போடவும் தேவையில்லை, ரன்னர்தான் வெளியே போய் கிட்லேப்பிடம் வேலை கேட்கிறது, உள்ளே எதுவும் வர வேண்டாம்.

மெஷினை அமைப்பதையும் கையால் செய்யாமல் ஆன்சிபிளில் (மெஷின் அமைப்பைத் தானாகச் செய்யும் கருவி) எழுதிவிடுங்கள். மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தும் ஒரு சின்னப் பிளேபுக்தான் வரும். பயாஸில் மின்சாரம் திரும்பினால் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் இயக்குங்கள், ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் வந்தால் யாரும் ஆபீஸுக்கு ஓட வேண்டாம்.

மூன்று மெஷினில் இரண்டு அன்றாட வேலைக்கு. மூன்றாவதை ‘புரொடெக்டட்’ ரன்னராகப் பதிவு செய்து, பாதுகாக்கப்பட்ட கிளையும் டேக்கும் மட்டும் அதில் ஓடும்படி வையுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் பில்ட் அங்கேதான் நடக்க வேண்டும், சி-கேஷ் இல்லாமல், சுத்தமான கன்டெய்னரில். கையெழுத்திடும் சாவி கிட்லேப்பின் பாதுகாக்கப்பட்ட வேரியபிளாக இருக்கட்டும், பாதுகாக்கப்படாத கிளைகளின் ஜாப்களுக்கு அது கண்ணிலேயே படாது.