கோணேசர் கோயில் படத்தைக் கேட்காமல் போட்டவர் சென்னையில், வழக்கு எங்கே?

கேள்வி: ஐயா, நான் திருகோணமலையில் போட்டோ எடுக்கும் தொழில் செய்கிறேன். விடியப்புறம் வள்ளத்தில் போய், கடலுக்குள் நின்று கோணேசர் கோயிலை எடுத்த என் படத்தை சென்னையில் ஒரு டூர் கம்பனி ஒரு வருடமாகத் தன் இணையத்தளத்திலும் பேஸ்புக்கிலும் போட்டு யாத்திரைக்கு ஆள் சேர்க்கிறது. அவர்களுக்கு இலங்கையில் கிளை கிடையாது. ஜேர்மனியில் ஒரு தமிழ்க் கடையும் அதே படத்தைக் கலண்டரில் அடித்திருக்கிறது. நான் எங்கேயும் பதிவு செய்யவில்லை. இங்கேயே வழக்குப் போட்டு இருவரையும் கூப்பிடலாமா? அமெரிக்காவில் என்றால் 150,000 டொலர் வரை கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: தம்பி, பதிவு இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஒரு நாட்டவரின் படைப்பை மற்ற நாடுகளும் பாதுகாக்க வேண்டும் என்று 1886 இல் உருவான பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959 இலிருந்து இருக்கிறது, இந்தியாவும் ஜேர்மனியும் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டன. படம் எடுத்த அந்த நிமிடமே உரிமை உங்களுடையது, அதற்குப் பதிவு தேவையில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள், அந்தப் படத்தை யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொன்னார்களா? அப்படியென்றால் உரிமை அவர்கள் பக்கம் போயிருக்கலாம், பேசிய ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள்.

ஆனால் உலகம் முழுக்கச் செல்லும் ஒரே பதிப்புரிமை என்று ஒன்று கிடையாது, பலர் சறுக்குவது இங்கேதான். இந்தியாவில் நடந்த மீறலுக்கு இந்தியச் சட்டம், ஜேர்மனியில் அடித்த கலண்டருக்கு ஜேர்மன் சட்டம். இங்கே நிலாவெளியில் ஒரு ஹோட்டல்காரர் உங்கள் படத்தைப் போட்டிருந்தால் நம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் போதும், அதற்கும் நட்டஈட்டு வழக்கு என்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

சென்னைக் கம்பனிக்கு எதிராக இங்கே தீர்ப்பு வாங்கினீர்கள் என்றே வைப்போம். சில நாட்டுத் தீர்ப்புகளை இந்திய நீதிமன்றங்கள் தங்கள் தீர்ப்பு போலவே நிறைவேற்றும். இங்கிலாந்தும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு, இலங்கை இல்லை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே மறுபடி வழக்குப் போட வேண்டும். இரண்டு மடங்கு செலவு எதற்கு, நேரே சென்னைக்கே போங்கள். மதராஸ் உயர் நீதிமன்றத்தில் இந்த வகை வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மூன்று வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவசரத் தடையுத்தரவு கேட்காத வணிக வழக்கென்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போகச் சொல்வார்கள். அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செலவு: வழக்காளி வெளிநாட்டில் இருந்து, இந்தியாவில் நிலபுலமும் இல்லையென்றால், எதிராளியின் செலவுக்குப் பிணை கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடும். அந்தக் காசை ஒதுக்கி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஜேர்மன் கடை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். கடைக்காரர் அங்கேயே இருப்பதால் முழு நட்டத்தையும் அங்கே கேட்கலாம். எதிராளியின் ஊரில் வழக்குப் போடுவதற்கும் உங்கள் ஊரில் போடுவதற்கும் வித்தியாசம் பெரியது. ஆஸ்திரியப் புகைப்படக் கலைஞர் ஒருவரின் கட்டடப் படங்களை ஜேர்மன் நிறுவனம் ஒன்று தன் இணையத்தளத்தில் போட, அவர் தன் ஊரான ஆஸ்திரியாவில் வழக்குப் போட்டார். விசாரிக்கலாம், ஆனால் ஆஸ்திரியாவுக்குள் ஏற்பட்ட நட்டத்தை மட்டும்தான் என்று 2015 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2011 இல் அமெரிக்கப் பதிப்புரிமை மீறலைக்கூட இங்கிலாந்தில் விசாரிக்கலாம் என்றது, அதற்கும் காரணம் எதிராளி இங்கிலாந்தில் இருந்ததுதான். ஜேர்மனியில் வழக்குக்கு முன் சட்டத்தரணி ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது வழக்கம், பல விவகாரங்கள் அந்தக் கடிதத்தோடேயே முடிகின்றன. முறைப்படி அனுமதி கேட்டிருந்தால் எவ்வளவு கட்டணம் கொடுத்திருப்பார் என்று பார்த்து நட்டஈடு கணக்கிடுவார்கள், ஆகவே நீங்கள் முன்பு படம் விற்ற பில்கள் இருந்தால் அவை தங்கம்.

அந்த 150,000 டொலரை மறந்துவிடுங்கள். அது அமெரிக்காவில் வேண்டுமென்றே செய்த மீறலுக்கு வைத்த உச்ச வரம்பு, அதுவும் மீறல் தொடங்கும் முன் (அல்லது வெளியிட்டு மூன்று மாதத்துக்குள்) அங்கே பதிந்திருந்தால்தான். உங்கள் விவகாரம் எதுவும் அங்கே நடக்கவில்லை.

ஆனாலும் அமெரிக்கச் சட்டம் ஒன்று உங்களுக்கு இன்றைக்கே உதவும். பேஸ்புக் அமெரிக்கக் கம்பனி என்பதால் 1998 இல் வந்த DMCA என்ற சட்டப்படி, படத்தை நீக்கச் சொல்லி பேஸ்புக்குக்குக் கோரிக்கை அனுப்பலாம், செலவே இல்லை. சென்னைக்காரர் மறுப்பு அனுப்பினால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால் படம் திரும்ப வந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

நீக்கச் சொல்வதற்கு முன் ஆதாரம் எடுங்கள். இணையமுகவரியும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட், கமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு, அன்று வள்ளம் ஓட்டியவரின் சத்தியக்கடதாசி. கலண்டரில் இரண்டு பிரதியை அங்கே இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது கேட்டு பில்லோடு வாங்கி வையுங்கள். கலண்டர் வருடம் முடிந்தால் கடையில் ஒன்றும் மிஞ்சாது.