டிசம்பரில் மகள் வீடு: வியன்னா முதலில், பிராக் பிறகு

வணக்கம் ஐயா. டிசம்பர் 15 முதல் நான்கு வாரம் மியூனிக்கில் மகள் வீட்டில் தங்கும்போது, மூட்டுவலி உள்ள உங்கள் மனைவியுடன் வியன்னாவையும் பிராகையும் எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். வியன்னாவை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நகரமன்றத்துக்கு முன் கூடும் கிறிஸ்துமஸ் சந்தை 26ஆம் தேதியோடு முடிந்துவிடும், பிராகின் பழைய நகரச் சதுக்கத்திலோ அது ஜனவரி 6 வரை நடக்கும். வியன்னாவுக்கு நேர் ரயிலில் சுமார் நான்கு மணி நேரம்தான்.

பிராகில் எனக்குக் கவலை தருவது குளிரைவிடக் கல் பாவிய தெருக்களே. பனி உருகி மறுபடி உறைந்த காலையில் அவை எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். என் அம்மா சார்லஸ் பாலத்தின் கைப்பிடிச் சுவரை விட்டு அகலவேயில்லை. ஆகவே கோட்டைக்குப் படியேறாமல் 22ஆம் எண் டிராமில் போய் இறங்கிக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் வெளியே பார்க்க வேண்டியவற்றைக் காலையில் முடித்துவிடுவது நல்லது.

ஊரிலேயே கனத்த கோட்டு வாங்கிச் சுமக்க வேண்டாம்; ரயிலிலும் கடையிலும் வெப்பமூட்டி ஓடுவதால், கழற்ற எளிதாக அடுக்கடுக்காக அணிவதே வசதி. வழுக்காத அடியுள்ள பூட்ஸை மட்டும் அங்கேயே, தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். 25, 26 இரு நாளும் ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். அரிசி, பால், மாத்திரை எல்லாம் 24 காலைக்குள் வீட்டில் இருக்கட்டும்.