60 பேர் உள்ள கம்பெனியில் குடும்பத்துக்கு உதவும் சலுகைகளை எப்படி அமைப்பது?

கேள்வி: கோவையில் 60 பேர் வேலை பார்க்கும் கம்பெனி நடத்துகிறோம். வேலையும் வீடும் மோதாமல் இருக்க என்ன சலுகைகள் தரலாம்?

முதலில் சட்டம் கேட்பதை உருப்படியாகச் செய்யுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது (ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான்). 50 பேருக்குக் குறையாமல் இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருப்பவர்களுக்கு விடுப்புக்காலப் பணம் அங்கிருந்தே வரும். மற்றவர்களுக்கு உங்கள் கையிலிருந்துதான்.

காப்பகத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நான் முன்பு இருந்த இடத்தில் ஸ்டோர் ரூம் பக்கத்தில் ஓர் அறை, நான்கு தொட்டில், சுவரெல்லாம் பொம்மைப் படம். ஒரு வருஷமாகியும் ஒரு குழந்தைகூட வரவில்லை. ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு யார் வருவார்கள்? கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். எனவே உங்கள் ஆட்கள் எங்கிருந்து, எதில் வருகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அப்புறம், செலவே இல்லாத ஒன்று: ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகவே ஒட்டிவிடுங்கள். பாட்டியை ஊரிலிருந்து வரவழைக்கவாவது நேரம் கிடைக்கும்.

தனியார் துறை அப்பாக்களுக்கு மத்தியச் சட்டத்தில் விடுப்பு கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. நீங்களும் அதையே கொடுக்கலாம்.