கழிமுகத் தண்ணீரை ஊர் குத்தகைக்கு விட முடியுமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டக் கடலோரக் கிராமத்தில் 12 பெண்கள் சேர்ந்த சுயஉதவிக் குழு எங்களுடையது. பக்கத்துக் கழிமுகத்தில் சிப்பி வளர்க்க, மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார் 3 ஏக்கர் தண்ணீரை எங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத ஒப்பந்தம் எழுதி, 1.5 லட்சம் ரூபாய் கட்டினோம். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு தொங்கவிட்டு நான்கு மாதம் ஆகிறது. இப்போது தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வாரம் இரவில் யாரோ கயிறுகளை அறுத்துச் சிப்பியை அள்ளிப் போய்விட்டார்கள். புகார் கொடுக்கப் போனால், ‘இடமே உங்களுது இல்லையே’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புகிறார்கள். கொடுத்த பணம் கிடைக்குமா? தொழிலை முறையாக நடத்த யாரிடம் போக வேண்டும்?

பதில்: சகோதரி, முதலில் நோட்டீஸைக் கையில் எடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை.

உங்களுக்கு வந்திருப்பது தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-இன் 7-ஆம் பிரிவு நோட்டீஸாக இருக்கும். அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு கடலின் அடிப்பரப்பு, உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள கழிகளின் அடிப்பரப்பு, ஆறு, ஏரி எல்லாமே அரசின் சொத்து என்று சொல்கிறது. உங்கள் கம்புகள் நிற்பது அந்த அடிப்பரப்பில். தண்ணீருக்கு மேல் தெரிகிற கம்பை விட, மண்ணுக்குள் போன இரண்டடிதான் இங்கே வழக்கு. பதில் தராமல் விட்டால் 6-ஆம் பிரிவின்படி அகற்றலாம். அப்போது அந்த இடத்தில் விளைந்த பயிரையும் விளைபொருளையும் பறிமுதல் செய்ய அதே பிரிவு இடம் தருகிறது. உங்கள் விஷயத்தில் விளைபொருள் என்பது நான்கு மாதச் சிப்பி.

ஆகவே நோட்டீஸில் குறித்த தேதிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுங்கள். அதில் இடம் எங்களுடையது என்று ஒரு வரியும் வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இருப்பதாக நம்பிப் பணம் கட்டினோம், அதற்கான பத்திரம், ரசீது இவை, முறையான அனுமதிக்கு இன்ன தேதியில் விண்ணப்பித்திருக்கிறோம், படகுப் போக்குவரத்துக்கும் நீரோட்டத்துக்கும் தடை இல்லை, சிப்பி அறுவடைக்கு வர இன்னும் இத்தனை மாதம் ஆகும், அதுவரை அவகாசம் வேண்டும் என்று கேளுங்கள். புகைப்படம் வையுங்கள். நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பி மெமோ (அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்கு வருவாய்த் துறை தரும் அபராதச் சீட்டு) போட்டு அபராதம் கட்டச் சொன்னால் கட்டலாம், ஆனால் பி மெமோ ரசீது உரிமை ஆவணம் ஆகாது. பத்து வருடம் கட்டினாலும் ஆகாது. கடலோரத்தில் பலர் அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள்!

இனி ஒப்பந்தம். தன்னிடம் இல்லாததை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு அந்தக் கழிமுகத்தில் வழக்கமுறை இருக்கலாம். யார் எங்கே வலை கட்டுவது, எந்த நாளில் யார் முறை என்று பழவேற்காட்டில் பாடு பிரிப்பது போல உள்ளூரில் ஒழுங்கு வைத்திருக்கலாம். அது மீன் பிடிப்பவர்களுக்குள் நடக்கும் ஏற்பாடு. அடிப்பரப்பைக் குத்தகைக்கு விடும் உரிமை அதிலிருந்து பிறக்காது. ஜப்பானில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கே கடற்பரப்பில் வளர்ப்பு உரிமையைச் சட்டம் தருகிறது. நம் ஊரில் அப்படி இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி தன் பொறுப்பில் உள்ள குளத்தின் மீன் குத்தகையை ஏலம் விடுகிறதே என்று கேட்பீர்கள். குளம் வேறு, அலை ஏறி இறங்கும் கழிமுகம் வேறு.

பதினொரு மாதம் என்று எழுதியதும் உதவாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 107-ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் ஊரெங்கும் 11 மாதம் எழுதுகிறார்கள். வீட்டு வாடகைக்கு அந்த வழி ஓடும், ஏனென்றால் வீடு வீட்டுக்காரருடையது. இங்கே கொடுத்தவருக்கே உரிமை இல்லை என்பதால் 11 மாதமும் 99 வருடமும் ஒன்றுதான். தொழில் கணக்கிலும் அது தவறு. விதைச் சிப்பி ஒட்டி விற்பனை அளவுக்கு வர ஏழெட்டு மாதம், சில இடங்களில் பத்து மாதம் பிடிக்கும். ஒட்டுவதற்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால் 11 மாதம் ஒரு பயிருக்கே இழுபறி.

தண்ணீருக்குள் இருக்கும் உரிமை நில உரிமையைப் போலத்தான் நடத்தப்படும் என்பதற்கு ஒரிசாவின் சில்கா ஏரி வழக்கு இருக்கிறது. ஆனந்த பெகரா எதிர் ஒரிசா மாநிலம் என்ற அந்த வழக்கில், ஏரியின் சில பகுதிகளில் மீன் பிடிக்கும் உரிமையை ஜமீன்தாரிடம் வாய்மொழியாக வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். எதிர்காலத்தில் மீன் பிடிக்கும் உரிமை அசையாச் சொத்து, எழுதிப் பதிவு செய்யாமல் அது கை மாறாது என்று 1955-இல் தீர்ப்பு வந்தது. இத்தனைக்கும் அங்கே விற்றவர் எஸ்டேட்டின் உரிமையாளர்.

திருட்டு விஷயத்தில் ஸ்டேஷனில் சொன்னது தவறு. திருட்டு என்பது ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கில் எடுப்பது. நிலத்தின் பட்டா யார் பெயரில் என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு கேட்கவில்லை. கயிறு உங்களுடையது, கட்டியவர் நீங்கள், காவல் காத்தவர் நீங்கள். கடலில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை என்ற வாதத்தையும் சென்னை உயர் நீதிமன்றம் 1900-களின் தொடக்கத்திலேயே நிராகரித்துவிட்டது. பாக் நீரிணைப் பகுதியில், இராமநாதபுரம் ராஜாவிடம் குத்தகைக்கு எடுத்திருந்த சங்குப் படுகையிலிருந்து சங்கு எடுத்துச் சென்ற வழக்கு அது. நீந்திப் போகும் மீனும், இடம் விட்டு நகராத சங்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. நீங்களே கட்டி வளர்த்த சிப்பிக்கு இந்த நியாயம் இன்னும் பலமாகப் பொருந்தும். அறுந்த கயிறுகளுக்கு அதே சட்டத்தின் சொத்துச் சேதப் பிரிவு 324-ஐயும் சேருங்கள்.

புகாரை எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு அதற்காகவே இருக்கிறது. எத்தனை கயிறு, ஒரு கயிற்றில் எத்தனை ஓடு, வாங்கிய பில், அறுந்த நுனியின் படம் ஆகியவை புகாரில் இருக்க வேண்டும். வெறுமனே ‘பெரும் நஷ்டம்’ என்று எழுதினால் யாரும் நகரமாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, செல்லாதது எனத் தெரியவரும் ஒப்பந்தத்தின் கீழ் பெற்றதைத் திருப்பித் தரச் சொல்கிறது. தவறுதலாகக் கொடுத்த பணத்துக்கு 72-ஆம் பிரிவு. வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். எதிர்த்தரப்பு, ‘அரசு இடம் என்று அவர்களுக்கும் தெரியும்’ என்று வாதாடும். தெரியாது என்பதைக் காட்ட அந்த 20 ரூபாய் பத்திரமே பயன்படும், பத்திரமாக வையுங்கள். பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களில்தான் நோட்டீஸ் போக வேண்டும். பதிவு பெறாத ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தனியாகச் சட்ட உருவம் கிடையாது.

ஆனாலும் வழக்கை இப்போதே போடாதீர்கள். ஊரால் சட்டப்படி குத்தகை தர முடியாது என்பது உண்மை. ஊர் முகம் திருப்பினால் அந்தக் கழிமுகத்தில் உங்கள் கயிறு ஒரு ராத்திரி தாங்காது என்பதும் உண்மை. பஞ்சாயத்தாரிடம் உட்கார்ந்து பேசி, குத்தகைப் பத்திரத்தை ரத்து செய்து, அதற்குப் பதிலாக ‘இந்த இடத்தில் இந்தக் குழு சிப்பி வளர்ப்பதில் ஊருக்கு ஆட்சேபணை இல்லை, படகு வழியும் வலை கட்டும் இடமும் பாதிக்கப்படாது’ என்று தீர்மானம் எழுதி வாங்குங்கள். பணத்தைத் தவணையில் திருப்பித் தரவும் அதே தாளில் எழுதலாம். அந்தத் தீர்மானம் அதிகாரிகள் முன் நல்ல மதிப்புப் பெறும். நீங்கள் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு உண்மையில் வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான், அதுவும் இலவசமாக.

முறையான வழியில் மூன்று அனுமதிகள் தனித்தனி: இடத்துக்கு, வளர்ப்புக்கு, விற்பனைக்கு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

இடத்துக்கு, மீன்வளத் துறை உதவி இயக்குநர் வழியாக மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டப்படி ஆர்டிஐ மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த இடம் வருவாய் ஆவணத்தில் என்ன வகை, வரைபட நகல், கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். அலை வந்து போகும் கழிமுக நீர் சாதாரணமாக 4-பி பிரிவில் வரும். சதுப்புநிலக் காடு, கடற்புல் படுகை, ஆமை முட்டையிடும் இடம் இருந்தால் 1-ஏ ஆகிவிடும், அங்கே பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். இதே கேள்வியோடு படிக்கும் பழவேற்காட்டுக்காரர்களுக்குப் பறவைகள் சரணாலயமும், தூத்துக்குடி, இராமநாதபுரம் வாசகர்களுக்கு 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் குறுக்கே வரும், வனத்துறையைக் கேட்காமல் ஒரு கம்பும் நடக் கூடாது. கழிமுகத்தைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போனால் சிக்கல் வேறு விதம். 12 கடல் மைல் வரை மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அடியில் உள்ள நிலமோ அரசமைப்பின் 297-ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசிடம்.

நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்றை மறக்காதீர்கள். உங்கள் கழிமுகம் வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வடியும் வாய். முகத்துவாரத்தில் மணல் மூடினால் பொக்லைன் வரும், வழியில் இருப்பதை வாரிவிட்டுப் போகும். நீரோட்டத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில், கடைசி வற்றத்திலும் ஒன்றரை மீட்டர் ஆழம் நிற்கும் இடமாகக் கேளுங்கள். நான்கு மூலைகளுக்கும் ஜிபிஎஸ் எண்கள், நடுவே படகு வழி, மூலைக் கம்புகளில் கொடி, இரவில் தெரியும் பட்டை எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டுங்கள். 3 ஏக்கரும் தேவையா என்று யோசியுங்கள். ஐந்துக்கு ஐந்து மீட்டர் பரண் ஒன்றில் நூறு கயிறுவரை தொங்கவிடலாம். 12 பேர் பார்த்துக்கொள்ள அரை ஏக்கரே அதிகம், சின்ன இடத்துக்கு ஆட்சேபணையும் குறைவு.

கிடைப்பது பெரும்பாலும் குத்தகையாக இல்லாமல் உரிமமாக இருக்கும். உரிமம் என்றால் அரசு நினைத்தால் ரத்து செய்யலாம். அதனால் உத்தரவில் மூன்று விஷயம் இடம்பெறக் கேளுங்கள்: ஐந்து ஆண்டுக் காலம், ரத்து செய்வதானால் நடப்பு அறுவடை வரை அவகாசம், குழுவுக்கே புதுப்பிக்கும் முன்னுரிமை. அதற்கு முன், குழுவைச் சங்கமாகவோ கூட்டுறவாகவோ பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கு இருப்பதால் மட்டும் சுயஉதவிக் குழு சட்டப்படி ஒரு ‘நபர்’ ஆகிவிடாது.

வளர்ப்புக்கு, சென்னையில் உள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு. அந்த ஆணையத்துக்கான 2005 சட்டம் இறால் பண்ணைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1996-இல், கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்த ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட தடைகளின் நிழல் அதில் இருந்தது, கழிமுகத்துக்குள் வளர்ப்பே கூடாது என்றது அந்தச் சட்டம். 2023 திருத்தத்துக்குப் பிறகுதான் கூண்டு மீன், கடற்பாசி, சிப்பி வளர்ப்பெல்லாம் சட்டத்துக்குள் வந்தன. பழைய சட்டத்தைக் காட்டி ‘முடியாது’ என்று யாராவது சொன்னால் இந்தத் திருத்தத்தையும் 2024 விதிகளையும் எடுத்துக் காட்டுங்கள். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் சிப்பி வளர்ப்புக்குப் பெண்களுக்கு 60 சதவீத மானியம் உண்டு. இடத்துக்கான உத்தரவு இல்லாமல் அந்தக் கோப்பு நகராது.

விற்பனைக்கு, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்கிறது, சாக்கடைக் கிருமியும் நச்சுப் பாசியும் அதன் சதையில் சேரும். 1981-இல் இதே கடலோரத்தில் வாயலூரில் மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனை போனார்கள். எனவே மாதம் ஒருமுறை தண்ணீரையும் சதையையும் சோதித்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். அறுவடை செய்ததைச் சுத்திகரித்த கடல்நீரில் ஒரு நாள் வைத்த பிறகே விற்பனைக்கு அனுப்புங்கள். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் முதல் கேள்வி அந்தக் கோப்பைப் பற்றித்தான் இருக்கும்.

செலவுக்குத் தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். நோட்டீஸ், பத்திரம், பணம் கொடுத்த ரசீது, கயிறு வாங்கிய பில் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். தாசில்தாரின் பதில் வரும்வரை புதிதாக ஒரு கம்பும் நட வேண்டாம்.